6 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறேன்

நகரச் சாலைத் திட்டப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நடைபாதையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு போட்டு, ஒரு பாதியை நடப்பவர்களுக்கும் மறு பாதியைச் சைக்கிளுக்கும் ஒதுக்கினீர்களே, அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்தப் புகார் உங்களுக்குப் புதிதல்ல. நான் மட்டுமே மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் என் அப்பா பேருந்திலிருந்து இறங்கினார். அவருக்கு 73 வயது. அந்த நிறுத்தத்தில் பேருந்தின் படிக்கும் நிழற்குடைக்கும் நடுவில்தான் சைக்கிள் பாதை ஓடுகிறது. இறங்கி இரண்டு அடி வைத்திருப்பார், பக்கத்தில் மணிச் சத்தம். மணி கேட்டால் ஏதோ வருகிறது என்று தெரியும். எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று தெரியாது. அப்பா முன்னால் நகர்ந்தார். அவரைத் தவிர்க்க நினைத்து, சைக்கிளில் வந்த பையனும் அதே பக்கம் ஒடித்தான்.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பையனுக்குக் காறை எலும்பு. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அந்தப் பையன் ஒரு கையைத் தூக்க முடியாமல் அப்பாவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான். மறு கையில் அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் பத்திரமாகப் பிடித்திருந்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் வந்தது நீங்கள் அவனுக்குக் காட்டிய வழியில். அப்பா இறங்கியது நீங்கள் அவருக்குக் கட்டிய நிறுத்தத்தில்.

எலும்பு கூடிவிட்டது. இப்போது நடக்கிறார், கைத்தடியோடு. ஆனால் அந்த நடையை நீங்கள் ஒரு முறை பார்க்க வேண்டும். பத்தடி நடப்பார், நிற்பார், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். மறுபடியும் பத்தடி. திரும்பிப் பார்க்கும்போது தலை சுற்றுகிறது என்பதால் முதலில் சுவரையோ கம்பத்தையோ பிடித்துக்கொள்வார். பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில் என் தோளைப் பிடிப்பார். நான் இல்லாத நாட்களில் வெளியே போவதே இல்லை. கேட்டால், "சைக்கிள் வர்றது காதுல விழலப்பா" என்கிறார். அது அவருடைய காதின் குற்றமில்லை. நல்ல காதுக்கும் சைக்கிள் டயரின் சத்தம் பக்கத்தில் வரும்வரை கேட்காது. மோட்டார் வண்டி இரைச்சலுக்கு நடுவில் சுத்தமாகக் கேட்காது.

நானும் சைக்கிள் ஓட்டுகிறவன்தான், வேலைக்குத் தினமும் அதில்தான் போகிறேன். அதனால் ஓட்டுபவரின் பக்கமும் எனக்குத் தெரியும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்குச் சாதாரண வேகம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். எதிரில் ஒருவர் கால் வைத்ததைக் கண் பார்த்து, கை பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடுகிறது. நடப்பவரின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். வேகம் நான்கு மடங்கு என்றால், அதே எடைக்கு மோதலின் ஆற்றல் பதினாறு மடங்கு. பேட்டரி சைக்கிள் என்றால் வண்டியின் எடையும் கூடுகிறது. இந்த இரண்டு வேகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, நடுவில் நீங்கள் வைத்திருப்பது வெறும் பெயிண்ட். மழை பெய்தால் அதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தப் பெயிண்ட் தெரியவே தெரியாதவர்களும் இதே நடைபாதையில் நடக்கிறார்கள். பார்வையற்றவர்கள் காலடியில் உணர்ந்து நடப்பதற்காகப் புடைப்புக் கற்களை ஜப்பானின் ஒகாயாமா நகரத்தில் 1967ஆம் ஆண்டிலேயே பதித்துவிட்டார்கள். கைத்தடியின் நுனிக்குத் தட்டுப்பட வேண்டும், பாதத்துக்குத் தெரிய வேண்டும். இதுதான் அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம். வெள்ளைக் கோடு கைத்தடிக்கும் தட்டுப்படாது, பாதத்துக்கும் தெரியாது. அப்படியானால் அந்தக் கோடு யாருக்காகப் போடப்பட்டது? வரைபடத்தில் பார்ப்பவர்களுக்காகவா? கோபமாகத்தான் கேட்கிறேன், மன்னியுங்கள். ஆனால் பதில் வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். கோட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டத்தில் ஒரு வித்தியாசம் கொடுங்கள். நடைபாதை ஒரு படி மேலே, சைக்கிள் பாதை ஒரு படி கீழே, நடுவில் விளிம்புக் கல். இங்கிலாந்தில் 2020இல் வெளியான சைக்கிள் வழி வடிவமைப்பு வழிகாட்டி அந்தக் கல்லுக்கு 60 மில்லிமீட்டர் உயரம் சொல்கிறது. அந்த உயரம் இருந்தால்தான் பார்வையற்றவர்களால் அதை உறுதியாக உணர முடியும். அதாவது 6 சென்டிமீட்டர். என் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலத்தைவிடக் குறைவு. சக்கர நாற்காலி கடக்கும் இடங்களில் சரிவும் புடைப்புக் கல்லும் போதும். நெதர்லாந்தில் பல இடங்களில் சைக்கிள் பாதைக்குச் சிவப்புத் தார் போட்டு, நடைபாதையை அதைவிட உயர்த்திப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே குழந்தைக்கும் எந்தப் பாதை யாருடையது என்று தெரியும்.

பேருந்து நிறுத்தங்களுக்கு இது இன்னும் அவசரம். படியிலிருந்து இறங்குபவர் நேரே சைக்கிளின் எதிரில் காலை வைக்கக்கூடாது. ஒரு ஆள் நின்று இரண்டு பக்கமும் பார்க்கும் அளவுக்காவது மேடை வேண்டும். அதைத் தாண்டினால் சைக்கிள்கள் நின்று வழிவிடும்படி, நடப்பவர்கள் கடக்க ஒரு இடம் வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. விபத்து நடந்த அன்று இரவு காவல் நிலையத்துக்குப் போனேன். படிவத்தில் 'மோதிய வண்டியின் பதிவு எண்' என்று ஒரு கட்டம். சைக்கிளுக்கு ஏது எண்? அங்கே இருந்தவர் பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "கீழே விழுந்து அடி என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். நான் ஒத்துக்கொள்ளாமல் நின்றதால் 'சைக்கிள்' என்று ஓரத்தில் எழுதினார். என் அப்பாவைப் போல் எத்தனை பேர் வெறுமனே 'கீழே விழுந்தவர்கள்' ஆகியிருப்பார்கள்? நாளைக்கு நீங்கள் கணக்கெடுத்துப் பார்த்து 'இங்கே விபத்தே இல்லை' என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இதை இங்கே பதிவு செய்கிறேன்.

இடம் இல்லை என்று சொல்வீர்கள் என்று தெரியும். ஒரு முறை தொலைபேசியில் கேட்டபோது அப்படித்தான் சொன்னார்கள். இடம் இருக்கிறது. அதே சாலையில் இரண்டு பக்கமும் கார்கள் நாள் முழுக்க ஆளில்லாமல் நிற்கின்றன. ஆளில்லாத காருக்கு இடம் இருக்கிறது, நடக்கும் மனிதனுக்கு இல்லையா? சைக்கிள்காரர்கள் நடைபாதைக்கு ஏறுவது ஆசையினால் இல்லை. சாலையில் லாரியும் காரும் உரசிக்கொண்டு போகின்றன என்ற பயத்தினால். நிமிடக் கணக்கில் பொருள் கொண்டுசேர்க்க வேண்டிய டெலிவரி ஊழியர்களுக்கு நின்று வழிவிட நேரமே கொடுக்கப்படுவதில்லை. மோட்டார் வண்டிக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை இரண்டு எளியவர்களுக்குள் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் சாலை விதித் தொகுப்பை 2022இல் திருத்தியபோது, அதிகம் தீங்கு செய்யக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்று எழுதி, நடப்பவர்களை வரிசையின் உச்சியில் வைத்தார்கள். சாலையை வரையும் உங்கள் மேசையிலும் அதே வரிசை இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா?

சற்று வேகமாகப் பேசிவிட்டேன். உங்களில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் சைக்கிள் பாதை கொண்டுவந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பையனுக்கும் பாதை வேண்டும், எனக்கும் வேண்டும். அதை அப்பாவின் நடைபாதையிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து எடுங்கள். நடுவில் 6 சென்டிமீட்டர் உயரம் கொடுங்கள்.

முதலில் அந்த ஒரு நிறுத்தத்திலிருந்தாவது தொடங்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடிவெடுக்கும் முன் உங்களில் ஒருவர் ஒரு நாள் சாயங்காலம் அங்கே வர வேண்டும். அப்பாவும் நானும் காத்திருப்போம். நிறுத்தத்திலிருந்து எங்கள் தெருமுனை வரை அவரோடு நடந்து வாருங்கள். அவர் திரும்பிப் பார்க்க நிற்கும்போது உங்கள் தோளைக் கொடுங்கள்.

பணிவன்புடன்,
அந்த நிறுத்தத்தில் இறங்கும் ஒருவரின் மகன்