மீனை அரைத்துக் கோழித் தீவனம் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களே, வணக்கம். ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் மீன் அரைத்துக் கோழித் தீவனம் விற்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்களில் ஒருவரிடம் போன மாதம் ஒரு மூட்டை வாங்கினேன். பெயர் வேண்டாம், இது ஒருவரோடு முடிகிற விஷயமில்லை.

அதைத் தின்றவை என்னுடைய நாற்பது கம்பத்துக் கோழிக்குஞ்சுகள், நாட்டுக் கோழிதான். மூன்று வாரமாகியும் முதல் வாரக் குஞ்சு மாதிரியே பல்புக்கு அடியில் கூனிக்கொண்டு நின்றன, இறகு சரியாக முளைக்கவில்லை, தீனியைக் கிளறுமே தவிர தின்னாது. செத்த ஒன்றைத் தூக்கினால் அலகிலிருந்து காப்பித்தூளைக் கரைத்தது போலக் கறுப்பாக வழிந்தது. அறுத்துப் பார்த்தேன். தீனி அரைபடும் இரைப்பையின் உள்தோல் மஞ்சளாக, கெட்டியாக, மடிப்பு மடிப்பாக இருக்குமே, அது கறுத்து வெடித்து, விரல் பட்டாலே உரிந்து வந்தது. மூட்டையை மாற்றிய பிறகுதான் மிச்சமிருந்தவை தின்ன ஆரம்பித்தன.

போய்க் கேட்டால், "வேகவைத்துத்தானே அரைக்கிறோம், கிருமியெல்லாம் செத்துப்போகும்" என்றார்கள். கிருமி சாகும், சரி. ஆனால் சாவதற்கு முன்பே அது மீன் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற புரதக் கூறை ஹிஸ்டமின் என்ற கெட்ட பொருளாக மாற்றிவிட்டிருக்கும், அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி, மத்தி, சூரையில் ஹிஸ்டிடின் அதிகம், நம் ஊர் வெயிலில் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே கெட ஆரம்பித்துவிடும். அதைச் சீக்கிரம் காயவைக்கிறேன் என்று அதிகச் சூட்டில் வறுத்தால் இன்னும் மோசம், ஹிஸ்டமினும் மீனிலுள்ள லைசின் என்ற இன்னொரு புரதக் கூறும் சேர்ந்து கிசரோசின் என்ற நஞ்சு உண்டாகிறது. ஜப்பானில் 1983இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அது குஞ்சின் வயிற்றில் அமிலத்தை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும், அந்த அமிலம் இரைப்பையை அரித்துவிடும். வயிறு புண்ணான குஞ்சு எப்படித் தின்னும், எப்படி வளரும்? காறிப்போன மீன் எண்ணெய் வேறு தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயை அழித்துவிடும், குஞ்சு கழுத்து முறுக்கிக் கீழே விழுவது அதனாலும் வரும்.

அதனால் கேட்கிறேன். படகு வந்ததும் மீனை ஐஸில் போடுங்கள், அன்றைக்கே வேகவையுங்கள், சூட்டைக் குறைத்துக் காயவையுங்கள், அரைத்த தேதியை மூட்டையில் எழுதுங்கள். நாறிப்போன மீனை உரக்குழிக்கு அனுப்புங்கள், குஞ்சுத் தீவனத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். மூட்டைக்கு இரண்டு வெள்ளி கூடினாலும் நான் தருவேன். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அத்தை நேற்றுதான் முப்பது குஞ்சு இறக்கியிருக்கிறார், தீபாவளிக்கு விற்கலாம் என்று. அடுத்த வாரம் உங்களிடம்தான் மூட்டை வாங்க வருவார்.