நாகப்பூர் கூலர் சென்னைக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை வந்ததும் சென்னையில் ஏர் கூலர் வாங்குகிறவர்கள் பலர் அதைப் படுக்கையறையில் வைத்து, குளிர் வெளியே போய்விடுமே என்று ஜன்னலையும் கதவையும் அடைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் தலையணை நசநசக்கும். உடம்பில் வியர்வை காயாது. பழுது கூலரில் இல்லை. அந்த ஊருக்கு அது பொருந்தாது.

கூலரும் மண்பானை மாதிரிதான்: தண்ணீர் ஆவியானால்தான் குளிர்ச்சி. அதற்குக் காற்று வறண்டிருக்க வேண்டும். நாகப்பூரில் மே மாதப் பிற்பகலில் 42 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் இருந்தால் நல்ல கூலர் 28 டிகிரிக் காற்றைத் தரும். சென்னையில் 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் அதே கூலர் 31-க்குக் கீழே இறக்காது. அறையையும் மூடிவிட்டால் அந்த 5 டிகிரியும் கிடைக்காது, புழுக்கம்தான் மிஞ்சும்.

நாகப்பூரில் தகரக் கூலரை ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டில் நிறுத்தி, வாயை மட்டும் உள்ளே திருப்பியிருப்பார்கள். எதிர் ஜன்னல் திறந்தே இருக்கும், ஈரக்காற்று வெளியேற. வேலூர், திருத்தணி, கரூர் பக்கம் வறண்ட பிற்பகல்களில் இப்படி வைத்தால் நன்றாகவே பலன் தெரியும்.

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், கூலருக்குள் தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிர்விக்கும் துளைகளுள்ள அட்டையைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. வெள்ளை வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைக்கும். ஈரம் இறங்காத இடம் வெளிறிய பட்டையாகத் தெரியும். அந்த வழியாக அனல் அப்படியே உள்ளே வரும். வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து, உட்சுவரை பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். வடித்தால் மட்டும் போகாது.

தண்ணீர் ஊற்றுமுன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பம்பு ஒயர் உரிந்து, எர்த்தும் இல்லாவிட்டால் தகரப் பெட்டி முழுக்க மின்சாரம் பாயும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை அதைத் தொட்டால் உயிரே போய்விடும்.

கடலோரத்தில் மேல்மாடியில் குடியிருப்பவர்கள் கூலருக்குப் போடும் பணத்தை மொட்டைமாடிக்குப் போடலாம். தளத்தைக் கழுவிக் காயவிட்டு, இரண்டு கை வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். பகலில் தளம் குடித்த சூடுதான் இரவில் கட்டில்மேல் இறங்குகிறது.

வெப்ப அலைக்குச் சமவெளியில் 40, கடலோரத்தில் 37 டிகிரி என்று வானிலைத் துறையே தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. தங்கள் நாளிதழிலும் ஊர்வாரியாக வெப்பநிலைக்குப் பக்கத்தில் பிற்பகல் ஈரப்பதத்தையும் அச்சிட வேண்டுகிறேன். அது 40 சதவீதத்தைத் தாண்டும் ஊர்க்காரர்கள் கூலர் வாங்குமுன் ஒருமுறை யோசிப்பார்கள்.

இப்படிக்கு,
ஏர் கூலர் பழுதுபார்ப்பவர், வேலூர்