பாப்பா, அந்தச் செயலியைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் செயலி ஒன்றை உன் கம்பெனியில் செய்யப்போவதாகவும், அதில் வருகைப்பதிவும் சேரும் என்றும் சொன்னாய். கேட்டதிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லிப் பார். நாலைந்து பிள்ளைகளாவது 35 என்று எழுதுவார்கள். செயலி அதைத் தப்பு என்று காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். ஆனால் அந்த 35 சும்மா வரவில்லை. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். மேலே 2, கீழே 7 இருப்பதைப் பார்த்து, பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டிருக்கிறது. சொன்னதை ஒழுங்காகக் கேட்ட பிள்ளை அது! இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் பத்தும் அதே மாதிரி தப்பாகும். கடைசியில் தனக்குக் கணக்கே வராது என்று நினைத்துக்கொள்ளும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குச்சிக் கட்டையும் இரண்டு உதிரிக் குச்சியையும் முன்னால் வைத்து, ஒரு கட்டை அவிழ்த்து எடுத்துக்கொள் என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். உன் செயலி குச்சியை அவிழ்க்காவிட்டாலும் பரவாயில்லை. இந்தப் பிள்ளைகள் கடன் வாங்காமல் கழிக்கிறார்கள் என்று டீச்சருக்குச் சொல்லட்டும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

படம், காணொளி எல்லாம் நல்லதுதான். 2018-ல் புதுப் பாடப்புத்தகம் வந்தபோது க்யூஆர் கோடு இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதயம் துடிப்பதை என் போனில் காட்டினேன். அன்றைக்கு அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு பீரியட் போதவில்லை. அதனால் நான் இதற்கு எதிரி என்று நினைத்துவிடாதே.

வருகைப்பதிவுதான் எனக்குப் பெரிய கவலை. நம் பக்கத்துப் பூக்காடுகள் உனக்குத் தெரியும். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும். விடியும் முன்பே அம்மாவோடு காட்டுக்குப் போகிற பிள்ளைகள் பள்ளிக்கு வரக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பதிவேடு கையில் இருந்தபோது நான் காத்திருந்து குறிப்பேன். போனில் போட வேண்டும் என்று வந்த பிறகு, இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். சிக்னல் கிடைக்காமல் மைதானத்து வேப்பமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பேன், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். என் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை வரவில்லை என்று பதிவாகிவிடும். மறுநாள் விளக்கம் கேட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். செயலியை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

ரேஷன் கடையிலும் இதையேதான் பார்க்கிறேன். வயலிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்துத் தேய்ந்த கைகளில் ரேகை சரியாகப் பதிவதில்லை. நம் தெருப் பெரியம்மா விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். 'என் விரல்தான் சரியில்லை தாயி' என்கிறார். எனக்கு ஆத்திரமாக வருகிறது, பாப்பா. அந்த விரலுக்கு என்ன குறை? மிஷின்தான் அதைப் படிக்கத் தெரியாமல் இருக்கிறது. அது தன் கோளாறைத் திரையில் சொல்லியிருந்தால் அவர் அப்படிக் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை.

காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கினார்கள். அது எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு, வெறும் வயிற்றோடு பூக்காட்டிலிருந்து வரும் பிள்ளைகள் உப்புமா ஆறுவதற்குள் ஓடிவந்தார்கள். நேரத்துக்கு வரவைக்க அந்த உப்புமாவால் முடிந்தது, என் போனால் முடியவில்லை.

சரி, இப்போது நான் கேட்பது இதுதான். சிக்னல் இல்லாவிட்டாலும் வருகை போனிலேயே தங்கி, பிறகு தானாகப் போகட்டும். தாமதமாக வந்த பிள்ளையைச் சேர்க்க டீச்சருக்கு உரிமை இருக்கட்டும், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வைக்காதே. கோளாறு செயலியில் என்றால் அதை நேரடியாகத் தமிழில் சொல்லட்டும். உன் மேலாளர் இதெல்லாம் வேண்டாம் என்றால், ஏன் வேண்டும் என்று நான் எழுதியதை அவரிடம் காட்டு.

முடிந்தால் ஜூலையில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வா. வடிவமைப்பை முடிக்கும் முன் ஒருநாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம். தலைமை ஆசிரியையிடம் நான் பேசிவைக்கிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
அம்மா