பட்டன் போனிலும் டிஜிட்டல் ரூபாய் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் ரூபாய், அதாவது நோட்டுக்குப் பதிலாக ரிசர்வ் வங்கியே போனில் தரும் மின்னணுக் காசு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே படித்து முடித்தேன். தொழில்நுட்பம் நன்றாகப் புரிந்தது. ஆனால் அந்தக் காசு எந்தப் போனில் வரும், அதை நோட்டாக மாற்றித் தருவது யார் என்ற பேச்சே அதில் இல்லை. பதினான்கு வருடமாக ரீசார்ஜ் கடை வைத்து, வங்கி முகவர் வேலையும் பார்க்கிற எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

எங்கள் கடைக்கு ஒரு பாட்டியம்மா வருவார். முந்தானையில் முடிந்துவைத்த பட்டன் போனை நீட்டி, "காசு ஏறிடுச்சான்னு பாருப்பா" என்பார். நூறு நாள் வேலைச் சம்பளம். மெசேஜ் இங்கிலீஷில் இருக்கும், நான் படித்துச் சொல்வேன். அப்புறம் ஆதார் கைரேகை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல், மெஷின் லேசில் ஏற்காது. விரலைத் தலைமுடியில் தேய்த்து, அடுத்த விரலை வைத்து, மறுபடி முதல் விரலை வைத்து... சில நாள் வெறுங்கையோடு போயிருக்கிறார்.

கென்யாவில் சாதாரண போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா என்ற சேவை 2007 மார்ச்சில் வந்தது. ('பெசா' என்றால் சுவாகிலியில் பணம். நம் காதுக்குப் பைசா என்றே கேட்கிறது!) அதற்கு இணையமும் வேண்டாம், வங்கிக் கணக்கும் வேண்டாம். சிம் கார்டிலேயே மெனு. நைரோபியில் கூலி வேலை பார்ப்பவர் தெருமுனைக் கடையில் நோட்டைக் கொடுத்தால், கடைக்காரர் தன் போனிலிருந்து அதே தொகையை அவருக்கு ஏற்றிவிடுவார். அவர் அதை ஊருக்கு அனுப்புவார். அங்கே மனைவி பக்கத்துக் கடையில் அடையாள அட்டையைக் காட்டி, ரகசிய எண்ணை அழுத்தி, நோட்டாக வாங்கிக்கொள்வார். கடைக்காரருக்குக் கமிஷன். என்னைப் போல டாப்-அப் விற்றுக்கொண்டிருந்தவர்கள் பலர் இதில் சேர்ந்தார்கள். இதனால் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாக 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெண்கள் தலைமையில் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் அதிகப் பலனாம்.

நைஜீரியாவில் மத்திய வங்கியே 2021 அக்டோபரில் இ-நைரா என்ற டிஜிட்டல் காசை வெளியிட்டது. ஸ்மார்ட்போன் ஆப்பில் தொடங்கினார்கள். சாதாரண போனில் எண் அழுத்திப் பயன்படுத்தும் வசதி மறுவருடம்தான் வந்தது. இ-நைரா கணக்குகளில் பெரும்பாலானவை சும்மாவே கிடந்தன.

நம் ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வரில் பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாய்ச் சோதனையைத் தொடங்கியதும் ஆப் வழியாகத்தான். பட்டன் போனுக்கான யுபிஐ 123பே அதே வருடம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. வழி தெரியாமல் இல்லை. அதனால்தான் எனக்கு வருத்தம்.

இதை ரிசர்வ் வங்கியிடம் கேட்டு நீங்கள் எழுத வேண்டும். பட்டன் போனில் டிஜிட்டல் ரூபாய் எப்போது வரும்? மெசேஜ் தமிழில் வருமா, படிக்கத் தெரியாதவருக்குப் போனே வாசித்துச் சொல்லுமா? நோட்டு மாற்றித் தரும் சின்னக் கடைக்குக் கட்டுபடியாகிற கமிஷன் உண்டா? பாட்டியம்மா அடுத்த வாரமும் வருவார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ரீசார்ஜ் கடைக்கார வாசகர்,
அருப்புக்கோட்டை