டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: எல்லைப் பணம் யாருடைய பணம்?

வணக்கம்.

மெக்சிகோ எல்லைக்கு நீங்கள் செலவழித்த நம் வரிப்பணம் திரும்பி வரும்போது அதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கும் இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் என் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு முன்பே அனுப்பிவிட்டேன். தொடர்பு கொண்டதற்கு நன்றி என்று இயந்திரம் எழுதிய பதில் அடுத்த நிமிடமே வந்தது, அதோடு சரி. இப்போது தமிழில் எழுதுவது, இங்கே வருடக்கணக்காக வரி கட்டியும் ஓட்டு இல்லாமல் விசாவில் இருக்கும் நம் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான்.

போன வாரம் ஒரு குக்கர் வாங்கினேன். விலை 60 டாலர், வரி 4 டாலர் 95 சென்ட். அதில் 3 டாலர் 75 சென்ட் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போகிறது, மீதி உள்ளூருக்கு. வருமான வரி இல்லாத மாநிலம் என்று சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுகிறோம், ஆனால் மாநிலக் கஜானாவை நிரப்புவதில் இந்த மாதிரி ரசீதுகளுக்குத்தான் பெரிய பங்கு. ஓட்டு உள்ளவர், இல்லாதவர், ஏன், ஆவணமே இல்லாமல் ஆற்றைக் கடந்து வந்தவர்கூட கடையில் இதே வரியைத்தான் கட்டுகிறார்.

2021 மார்ச்சில் ஆளுநர் கிரெக் அபட் தொடங்கிய ஆபரேஷன் லோன் ஸ்டார் என்ற எல்லைக் காவல் திட்டத்துக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்தது இந்தப் பணத்தைத்தான். (ஊரில் படிக்கிறவர்களுக்கு: இங்கே ஆளுநர் டெல்லி அனுப்பி வைப்பவர் இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்.) ஆயிரக்கணக்கான நேஷனல் கார்டு (மாநிலத்தின் பகுதிநேரப் படை) வீரர்களை வேலையையும் குடும்பத்தையும் விட்டு வரச்சொல்லி ஆற்றங்கரையில் நிறுத்தினீர்கள். முள்கம்பி, மாநிலத்தின் சொந்தச் சுவர், 2023 ஜூலையில் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றில் 1,000 அடி நீளத்துக்கு ஆரஞ்சு நிற மிதவை உருண்டைகள் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. அதைத் திருப்பித் தரச்சொல்லி 2025 ஜனவரியில் காங்கிரசிடம் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஆளுநர் கேட்ட தொகை 1,110 கோடி டாலர்.

கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லை ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின் வேலை, அந்த வேலையை மாநிலம் செய்தால் கூலி கேட்கத்தான் செய்யும். 1994-லேயே டெக்சஸ் இதற்காக வழக்குப் போட்டது, இது நீதிமன்றம் தீர்க்கிற விஷயம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் யாரும் சொல்லாமல் செய்துவிட்டு, நாலு வருஷம் கழித்து மொத்தமாக பில் நீட்டுவது வேறு சமாச்சாரம். அரிசோனா ஆளுநர் டக் டூசி 2022-ல் எல்லையில் சரக்குக் கன்டெய்னர்களை வரிசையாக அடுக்கினார், ஃபெடரல் அரசு வழக்குப் போட்டதும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. வைக்க ஒரு செலவு, எடுக்க ஒரு செலவு. இதையும் வாஷிங்டன் கொடுக்க வேண்டும் என்றால் எந்த மாநிலம் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும்?

சரி, காங்கிரஸ் ஒத்துக்கொண்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் எல்லைச் செலவு செய்த மாநிலங்களுக்கென்று 1,000 கோடி டாலர் ஒரு நிதியிலும், 350 கோடி இன்னொரு நிதியிலும் ஒதுக்கியாயிற்று. சிற்றூர்களிலிருந்து குடியேறிகளை வேறு ஊர்களுக்குக் கொண்டுபோன செலவையும் அதில் கேட்கலாம். அதாவது நம் பஸ்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் நியூயார்க், சிகாகோ, டென்வர் என்று இறக்கிவிடப்பட்டார்களே, அந்த டிக்கெட்டுக்கு நியூயார்க்காரரின் ஃபெடரல் வரியிலிருந்தும் பணம் வரும். வந்தவர்களைத் தங்கவைக்க அந்த நகரம் செலவழித்ததில் ஃபெடரல் அரசு கொடுத்தது சொற்பம். பஸ்ஸில் ஏற்றிவிட்டவனுக்குப் பணம், இறங்கியவர்களுக்குச் சோறு போட்டவனுக்கு நாமம்!

இன்னொன்று, ஃபெடரல் வரியை நாமும்தான் கட்டுகிறோம். குக்கர் ரசீதில் ஒரு முறை போனது, சம்பளச் சீட்டில் மறுபடி போகிறது. அதனால் திரும்பி வரும் பணம் ஆஸ்டினுக்குக் கிடைத்த பரிசு கிடையாது. 2025-ல் குடியரசுத் தலைவர் மாறி, எல்லை தாண்டுவோர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்த பிறகும், அடுத்த இரண்டு வருடங்களுக்கு எல்லைக்கென்று நீங்கள் 340 கோடி டாலர் ஒதுக்கினீர்கள். திரும்பி வரும் பணமும் அங்கேயே போய் விழுமோ என்பதுதான் என் பயம்.

அந்தச் சட்டம் கையெழுத்தான அதே ஜூலை 4-ஆம் தேதி விடியற்காலையில்தான் குவாடலூப்பே ஆறு பெருக்கெடுத்து டெக்சஸின் கெர் கவுண்டியை (மாவட்டம் மாதிரி) அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், முகாமுக்கு வந்திருந்த சிறு பெண்பிள்ளைகள் உட்பட. வெள்ள எச்சரிக்கை அமைப்புக்காக அந்தக் கவுண்டி பல வருடங்களுக்கு முன் கேட்டது சுமார் 10 லட்சம் டாலர், கிடைக்கவில்லை. எல்லைக்குச் செலவழித்தது அதைப்போலப் பதினோராயிரம் மடங்கு. பிறகு சிறப்புக் கூட்டம் போட்டு சைரனுக்குச் சட்டம் கொண்டுவந்தீர்கள். அப்புறம் கொண்டுவந்தீர்கள்.

2027 ஜனவரியில் நீங்கள் மறுபடி கூடும்போது மூன்று காரியம் செய்யுங்கள். எந்தச் சுவர் எத்தனை மைல், மைலுக்கு எவ்வளவு, எந்த கான்ட்ராக்டருக்கு எவ்வளவு என்று வரிக்கு வரி பொதுவில் போடுங்கள். வரும் பணத்தை எல்லைத் தலைப்பில் திரும்பப் போடாமல் பொதுக் கணக்கில் வைத்து, வெள்ளத்துக்கும் பள்ளிக்கும் எவ்வளவு என்று வெளிப்படையாக ஓட்டெடுங்கள். கடைசியாக எல்லையோர ஊரான ஈகிள் பாஸ். 2024 ஜனவரியில் அந்த ஊரின் ஷெல்பி பூங்காவை, ஜனங்கள் படகு இறக்குகிற ஆற்றங்கரையை, நகராட்சியைக் கேட்காமலே மாநிலம் எடுத்துக்கொண்டது. உங்கள் பில்லில் அந்த ஊருக்கு என்று ஒரு வரியாவது இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு என்று எழுதுங்கள், இந்த முறை மனிதர் யாராவது பதில் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
குக்கர் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு டெக்சஸ்வாசி