கட்டைவிரலைக் கேள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். தாளக் கருவி மாதிரி எப்போதும் தட்டுகிறவர் என்று நாம் மெட்ரோனோம் என்றழைக்கும் ஆளை விசாரித்ததாகச் சொல். பாட்டு முடிந்த பிறகும் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும் அவர் பாதத்தையும் தனியாக விசாரித்ததாகச் சொல்.

இனி சண்டைக்கு வருகிறேன். யார் யாரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்று கோடு போட்டு நீ வரைந்து அனுப்பிய ஃபோக் (நாட்டார் பாணி) பாடகர் வம்சாவளிப் படத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் கையெழுத்து இவ்வளவு தேறும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் கோடுகளில் பாதி தப்பு. பாப் டிலனிடமிருந்து ஆறு பேருக்குக் கோடு இழுத்து ஒவ்வொன்றிலும் "வரிகள்" என்று எழுதியிருக்கிறாய். கனடாப் பாடகி ஜோனி மிட்செலிடமிருந்து இங்கிலாந்துப் பாடகி லாரா மார்லிங்குக்கு ஒரு கோடு, அதில் "குரல்". இப்படித்தான் எல்லாரும் கேட்கிறார்கள், நீயுமா? குரலையும் வரியையும் யாரிடமிருந்தும் தூரத்தில் இருந்தே எடுத்துக்கொள்ளலாம். கிட்டார் வாசிக்கும் கை அப்படி வராது. யாரோ உட்கார்ந்து காட்ட வேண்டும், அல்லது ஒருவர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துத் திருட வேண்டும். யார் யாரிடம் உண்மையில் கற்றார்கள் என்று தெரிய வேண்டுமானால் முதலில் கம்பிகள் எந்தச் சுருதியில் நிற்கின்றன என்று பார். பிறகு கட்டைவிரல் என்ன செய்கிறது என்று கேள்.

உன் படத்தில் இங்கிலாந்துக் கிட்டார்க்காரர் டேவி கிரஹாம் பெயரே இல்லை. அதைப் பார்த்ததும் நிஜமாகவே கோபம் வந்தது. 1962இல் ப்ளூஸ்காரர் அலெக்ஸிஸ் கார்னரோடு அவர் போட்ட சின்ன ரெக்கார்டில் "ஆஞ்சி" என்றொரு வாத்தியத் துண்டு இருக்கிறது. கட்டைவிரல் ஏ, ஜி, எஃப், ஈ என்ற சுரங்களில் படிப்படியாக இறங்குகிறது. மற்ற விரல்கள் அதற்கு மேலே தாளத்தைத் தள்ளித் தள்ளி விழுகின்றன. அவ்வளவுதான் விஷயம். 1965இல் ஸ்காட்லாந்துக் கிட்டார்க்காரர் பெர்ட் ஜான்ஷ் தன் முதல் ஆல்பத்தில் அதை வாசித்தார். 1966 ஜனவரியில் வந்த சைமன் அண்ட் கார்ஃபங்கல் என்ற அமெரிக்க ஜோடியின் ஆல்பத்திலும் அது இருக்கிறது. ஒரு கட்டைவிரல் இறக்கம் நாலு வருஷத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. உன் படத்தில் அந்த ஜோடியின் பால் சைமனுக்கு மேலே டிலன் மட்டும் நிற்கிறார்!

கிரஹாமின் பெரிய கொடை டாட்காட் சுருதி. மொராக்கோவில் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க வழி தேடியபோது பிடித்தது. தடித்த கம்பியிலிருந்து வரிசையாக டி-ஏ-டி-ஜி-ஏ-டி. நம் கணக்கில் சொன்னால் ச ப ச ம ப ச. காந்தாரம் இல்லை, கவனி. மேஜரா மைனரா என்று காட்டுவது அந்தச் சுரம்தான்; அது இல்லாததால் கம்பிகள் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை, அந்த முடிவை மெட்டு எடுக்கிறது. பழைய நாட்டார் மெட்டுகள் பல இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. வழக்கமான கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) அவற்றின் கீழே வைத்தால் மெட்டு நசுங்கிவிடும். இந்தச் சுருதியில் நசுங்காது. பின்னால் வந்தவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

படித்துவிட்டு உடனே கிட்டாரை எடுப்பாய் என்று தெரியும், அதனால் முறையைச் சொல்கிறேன். ட்யூனர் வேண்டாம், காது போதும். ஆறாவது கம்பியை, அதாவது ஆகத் தடித்ததை, இறக்கி, திறந்த (விரல் வைக்காத) நாலாவது கம்பிக்குக் கீழ் ஸ்தாயியில் நிறுத்து. முதல் கம்பியை இறக்கி, அதே நாலாவதுக்கு மேல் ஸ்தாயியில் நிறுத்து. இரண்டாவதை ஐந்தாவதுக்கு மேல் ஸ்தாயியில். மூன்று கம்பி இறங்கியதும் கழுத்தின் மேல் உள்ள மொத்த இழுவை குறையும். நீ தொடாத ஐந்தாவது, நாலாவது, மூன்றாவது கம்பிகள் ஒரு மயிரிழை ஏறிவிடும். எனவே இன்னொரு சுற்று வர வேண்டும். எப்போதும் வேண்டிய இடத்துக்குக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்து. மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால், கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் சிக்கிய கம்பி இரண்டாவது சரணத்தில் "டிங்" என்று நழுவும். பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிடு, சிக்காது.

ஜோனி மிட்செலுக்கு வருவோம். ஒன்பது வயதில் வந்த போலியோ அவர் இடது கையைப் பலவீனமாக்கியது. சாதாரண சுருதியில் கார்டு பிடிக்க அந்தக் கைக்குச் சிரமம். விரல் வைக்காமலே ஒரு கார்டு ஒலிக்கும் திறந்த சுருதிகளை அவருக்குக் காட்டியவர் அமெரிக்கப் பாடகர் எரிக் ஆண்டர்சன். அவரையும் நீ விட்டுவிட்டாய். திறந்த டியில், டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி, ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்தால் முழு கார்டு. ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள மெட்டுக் கம்பியில்) ஜி, ஏழாவதில் ஏ. இதுவரை ப்ளூஸ்காரர்களுக்கும் தெரிந்த கதை. ஜோனி அங்கே நிற்கவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட சுருதிகள். ஞாபகம் வைக்க ஒரு குறிமுறையும் வைத்திருந்தார்: அடிக் கம்பியின் சுரம், பிறகு ஒவ்வொரு கம்பியையும் எந்த ஃப்ரெட்டில் அழுத்தினால் அடுத்த திறந்த கம்பியின் சுரம் வரும் என்ற எண். சாதாரண சுருதி ஈ 5 5 5 4 5. திறந்த டி என்றால் டி 7 5 4 3 5. டாட்காட் டி 7 5 5 2 5. உன் படத்தில் கோட்டுக்கு மேலே "குரல்" என்று எழுதிய இடத்தில் இந்த எண்களை எழுதிப் பார், யார் யாருக்கு உறவு என்று தானாகத் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். 2015இல் மூளையில் ரத்தநாளம் வெடித்துப் படுத்த பிறகு ஜோனி கிட்டார் வாசிப்பதை மறுபடி கற்க வேண்டியிருந்தது. விரல் எங்கே வைப்பது என்று பார்க்கத் தன்னுடைய பழைய வீடியோக்களையே பார்த்தார். 2022 ஜூலையில் நியூபோர்ட் விழாவில், 78 வயதில், மேடையில் கிட்டாரோடு நின்றார். ஜோனி மிட்செலின் கையை ஜோனி மிட்செலே பார்த்துக் கற்க வேண்டியிருந்தது, மாப்ளே. இதைவிட நான் என்ன சொல்ல?

இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கைப் பற்றி நீ எழுதியது முழுக்கச் சோகம். அவர் 26 வயதில் இறந்தார், உண்மை. ஆனால் அந்தச் சோகத்தைப் பிரதி எடுத்து மெல்லிய குரலில் முனகுகிற பலருக்கு அவர் வலது கையில் இருக்கும் உறுதி தெரிவதில்லை. 1971 அக்டோபரில் ஒலிப்பதிவாளர் ஜான் வுட் இரண்டே இரவுகளில் பதிந்த அவருடைய கடைசி ஆல்பம் "பிங்க் மூன்" கேள். குரலும் கிட்டாரும்தான், நடுவில் ஒரே இடத்தில் பியானோ. குரல் தளர்கிற இடங்களிலும் கட்டைவிரல் தளர்வதில்லை. தலைப்புப் பாட்டின் சுருதி சி-ஜி-சி-எஃப்-சி-ஈ, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி). இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள். ஆறாவது கம்பி நாலு அரைச்சுரம் (ஒரு அரைச்சுரம் ஒரு ஃப்ரெட் தூரம்) இறங்குகிறது, அதன் இழுவை ஏறக்குறைய 37 சதவீதம் போய்விடும். கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் மோதி இரையும். கொஞ்சம் பலமாக மீட்டினால் சுரம் மேலே எகிறி, பிறகு உட்காரும். 53 தடிமன் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு) கம்பி போட்டிருந்த இடத்தில் பழைய இறுக்கம் முழுசாக வேண்டுமென்றால் 67 வரை போக வேண்டும். அவ்வளவு வேண்டாம், 56 அல்லது 59 போட்டு வலது கையை அடக்கினால் போதும். இரண்டாவது கம்பி மட்டும் அரைச்சுரம் மேலே போகிறது, அதன் இழுவை 12 சதவீதம் கூடும். பழைய கம்பியில் முயற்சி செய்யாதே, அறுந்து முகத்தில் அடிக்கும். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் போட்டு, போட்ட பிறகு இன்னொரு முறை சுருதி பார்.

இங்கிலாந்து நாட்டார் பாடகர் மார்ட்டின் கார்த்தி இன்னும் தூரம் போனவர். சி-ஜி-சி-டி-ஜி-ஏ. முதல் கம்பியே ஏழு அரைச்சுரம் கீழே. அங்கே 12 கம்பியைப் போட்டால் நூலை மீட்டுவது மாதிரி இருக்கும், 18 வேண்டும். அவர் கிட்டார் தம்புரா மாதிரி இல்லாமல் பறை மாதிரி அடிப்பதற்கு அந்தத் தடித்த கம்பிகளும் ஒரு காரணம்.

கார்த்தியைப் பற்றிப் பேசினால் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். 1962-63 குளிர்காலத்தில் லண்டன் வந்த டிலன் அவரிடம் இரண்டு பாட்டு கேட்டுக் கற்றார். அடுத்த மே மாதம் வந்த ஆல்பத்தில் இரண்டும் வேறு உருவத்தில் வந்தன. ஆல்பக் குறிப்பில் கார்த்தியின் பெயர் இருந்தது. 1965இல் பால் சைமன் "ஸ்கார்பரோ ஃபேர்" கிட்டார் ஏற்பாட்டை அவரிடமிருந்து கற்றார். 1966இல் அது ரெக்கார்டில் வந்தபோது கார்த்தியின் பெயர் இல்லை. பாட்டு யாருக்கும் சொந்தமில்லாத பழைய பாட்டு, சரி. அந்த விரல்நடை அப்படியில்லை, அது ஒரு மனிதர் செய்தது. "மரபுப் பாடல், ஏற்பாடு: இன்னார்" என்ற ஒரு வரியில் பெயர் வருவதும் வராததும் ஒருவரின் வாழ்க்கையையே மாற்றும். 2000இல்தான் இருவரும் லண்டன் மேடையில் சேர்ந்து அதைப் பாடினார்கள். முப்பத்துநாலு வருஷம்.

அமெரிக்கப் பாடகி எலிசபெத் காட்டனுக்கு நடந்தது இதைவிட மோசம். இடதுகைப் பழக்கம், வலதுகைக்காரர்களின் கிட்டாரைக் கம்பி மாற்றாமல் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். அடிக் கம்பிகளை விரல்கள் பார்த்துக்கொண்டன, மெட்டைக் கட்டைவிரல் எடுத்தது. அவர் வாசிப்பில் மெட்டு அவ்வளவு உருண்டையாக, கனமாக விழுவது அதனால்தான். நாம் சாதாரணமாகப் பிடித்து அதை வாசித்தால் எப்போதும் கொஞ்சம் ஒல்லியாகத்தான் வரும். சின்ன வயதில் அவர் செய்த "ஃப்ரெய்ட் ட்ரெய்ன்" பாட்டை, காட்டன் சீகர் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்தபோது, அந்த வீட்டுப் பெண் பெக்கி சீகர் கற்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1957இல் அங்கே வெற்றிப் பாட்டானபோது உரிமையில் வேறு ஆட்களின் பெயர்கள். 1985இல் கிராமி விருது வந்தது, அப்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது.

கொஞ்சம் பொறு, உனக்குச் சாதகமாகவும் ஒன்று. சுருதியை மட்டும் நம்பினால் ஏமாறுவாய். நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஏ. எல். லாயிடிடமிருந்து இங்கிலாந்துப் பாடகி ஆன் பிரிக்ஸ் "பிளாக்வாட்டர்சைட்" கற்றார், வாத்தியமே இல்லாமல் பாடுவார். அவரிடமிருந்து ஜான்ஷ் எடுத்து, ஆறாவது கம்பியை மட்டும் டிக்கு இறக்கி, கிட்டாரில் அமைத்து 1966இல் பதிந்தார். 1969இல் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் அதன் கிட்டார்க்காரர் ஜிம்மி பேஜ் அதையே டாட்காட்டில், வார்த்தை இல்லாமல், விராம் ஜஸானியின் தபேலாவோடு வாசித்தார். இயற்றியவர் என்று போட்ட பெயர் பேஜ் மட்டும். சுருதி வேறு, ஆனால் விரல்நடையைக் கேள், அச்சு அசல் ஜான்ஷ். அதனால்தான் சுருதிக்குப் பிறகு கட்டைவிரல் என்றேன்.

இந்தக் காலத்து ஆட்களிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: மறைப்பதில்லை. மார்லிங் 2020இல் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது தன் பாட்டுகளின் சுருதிகளை, விரல் வைப்பதோடு, வீடியோவில் சொல்லிக்கொடுத்தார். முன்பெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணால் திருடியதை அவர் அள்ளிக் கொடுத்தார். அமெரிக்கப் பாடகி ரியானன் கிடன்ஸ் இன்னும் ஒரு படி மேல். பிடில்காரர் ஜோ தாம்ஸனின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கற்றவர், மேடைக்கு மேடை அவர் பெயரைச் சொல்பவர். 2019இல் இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நாலு பேரும் பாஞ்சோ (தோல் போர்த்திய நரம்பு வாத்தியம்) ஏந்தி ஒரு ஆல்பம் போட்டார். 2024இல் பியான்ஸேயின் பாட்டில் கேட்ட பாஞ்சோ அவருடையது. உன் படத்தில் அவருக்கு ஓரத்தில் ஒரு புள்ளி!

கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் என்ற அமெரிக்க ஜோடியையும் தொட்டால் இன்னும் பத்துப் பக்கம் ஆகும். அவர்களுக்குத் தனிக் கடிதம். அதற்குள் ஒன்று செய்: வெல்ச்சின் கிட்டாரை விட்டுவிட்டு ராலிங்ஸின் சின்ன 1935 எபிஃபோன் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேள். கார்டில் இல்லாத சுரத்தில் போய் நின்றுகொண்டு, இறங்க மனமில்லாமல் நிற்பார்.

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். சிவப்பு மையில் ஐந்து பெயர் சேர்த்திருக்கிறேன்: கிரஹாம், கார்த்தி, காட்டன், ஆண்டர்சன், பிரிக்ஸ். "குரல்" என்ற இடங்களை அடித்துவிட்டேன், "வரிகள்" இரண்டு மட்டும் பிழைத்திருக்கிறது. மார்லிங்குக்கும் ஜோனிக்கும் நடுவே உள்ள கோட்டை நீயே நிரப்பு: மார்லிங் சொல்லிக்கொடுத்த சுருதிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எண்களில் எழுதி அனுப்பு. ஆன் பிரிக்ஸ் பெயரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடு. அவரிடமிருந்து இன்னும் கோடுகள் கிளம்பும்.

அன்புடன்,
உன் மாப்ளே

பி.கு.: அந்தத் துருப்பிடித்த இரண்டாவது கம்பியை மாற்றிவிட்டு ஆரம்பி. சொல்லிவிட்டேன்.