சாவி மட்டும் கொடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் கமிட்டிகள், பங்குப் பேரவைகள், ஜமாஅத்துகள், அய்யாவழி வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கல்குளம் தாலுகாவில் ஒரு சிற்றூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் நான். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் நடக்கும் வகுப்பு அது. 200 மணி நேரப் பாடம். முடிவில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. சம்பளம் கிடையாது. அதைப் பற்றி இங்கே புலம்பப் போவதில்லை. உங்களிடம் கேட்க வேண்டியது வேறு.

சென்ற ஆண்டு வகுப்புக்கு இடம் தேடி அலைந்தேன். வேலை முடிந்து, வீட்டில் உலை வைத்துவிட்டு வரும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தூரம். ஊருக்குள்ளேயே இரண்டு பெரிய ஹால்கள் இரவில் பூட்டிக் கிடக்கின்றன. முதல் கமிட்டியின் தலைவர் மரியாதையாக உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, "நம் ஆட்களுக்கு மட்டும் என்றால் இன்றைக்கே திறந்துவிடுகிறேன்" என்றார். இரண்டாவது இடத்திலும் அதே பதில்தான். தேநீர் மட்டும் இல்லை.

எழுத்தறிவு வந்தால் சண்டை ஓயும் என்று மேடையில் பேசுவது எளிது. 2024 உலக எழுத்தறிவு நாளுக்கு யுனெஸ்கோ வைத்த தலைப்பிலும் அமைதி என்ற சொல் இருந்தது. ஆனால் நம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போக முடியாது. 2011 கணக்கெடுப்பில் நமது எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் மூண்டபோதும் படிப்பில் முன்வரிசையில் நின்ற மாவட்டம்தான் இது. இன்று கைபேசியில் விஷத்தை எழுதி அனுப்புகிறவர்களில் கைநாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. வதந்தியை எழுதவும் எழுத்துத் தெரிய வேண்டுமே! ஆகவே எழுத்தைக் கற்றுக்கொடுத்தால் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிறோம் என்பதில்தான் என் நம்பிக்கை இருக்கிறது.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது ஓர் அண்டி ஆபீசின், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையின், பழைய கிட்டங்கி (சரக்கறை). பதினான்கு பெண்கள் வந்தார்கள். பாதிப் பேர் பகலில் அங்கேயே அண்டி உடைப்பவர்கள். தோட்டு எண்ணெய் பட்டு அவர்கள் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருக்கும். பென்சிலைப் பிடித்தால் நோட்டில் முதலில் விழுவது விரல் ரேகைதான். கைநாட்டை விட்டொழிக்க வந்தவர்கள் பக்கத்துக்குப் பக்கம் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினார்கள்.

பாடப்புத்தகம் சலித்துப்போன ஒரு நாள், வீட்டில் கிடந்த திருவிழா நோட்டீஸ்களைக் கொண்டுபோனேன். அம்மன் கோயில் கொடை நோட்டீஸ் ஒன்று, சர்ச் ஆண்டுவிழா நோட்டீஸ் ஒன்று, தர்கா நோட்டீஸ் ஒன்று. வேண்டுமென்றே ஆள் மாற்றிக் கொடுத்தேன். குருசடியில் மெழுகுதிரி ஏற்றாமல் வேலைக்குப் போகாத ஓர் அக்காள் கொடை நோட்டீசை எழுத்துக்கூட்டினார்: "அ... ன்... ன... தானம்." பக்கத்தில் இருந்தவர், நெற்றியில் திருநீறு கலையாதவர், சர்ச் நோட்டீசில் "அசனம்" என்று வாசித்துவிட்டு அப்படியென்றால் என்ன என்று கேட்டார். மூன்றாவது ஆள் "நேர்ச்சைச் சோறு" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் மூவரும் காகிதங்களை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் சோறுதானே டீச்சர்?" என்று ஒருவர் கேட்க, கிட்டங்கியே சிரித்தது. றகரம், ரகரம் வேறுபாட்டை அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். "சோறு" யாருக்கும் மறக்கவில்லை.

இன்னொன்று. அவர்களில் ஒருவருக்கு மகன்தான் கைபேசிச் செய்திகளை வாசித்துக் காட்டுவான். அவன் வாசித்ததுதான் உண்மை, அவன் விட்டது இல்லாதது. வகுப்பு தொடங்கிய ஐந்தாம் மாதம், வழிபாட்டிடம் ஒன்றைத் தாக்கிவிட்டார்கள் என்று ஒரு செய்தி ஊரைச் சுற்றியது. அவர் அதை வாங்கித் தானே எழுத்துக்கூட்டி, கடைசி வரியில் இருந்த ஊர்ப்பெயரைக் கண்டுபிடித்தார். அது நம் மாநிலமே இல்லை. மகனைக் கூப்பிட்டு அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாராம். எழுத்தறிவு அமைதிக்கு உதவும் என்றால் அது இப்படித்தான் உதவும். அதுவும், பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கும் வரவேண்டுமே என்ற கவலை இருந்ததால்தான் அவர் கடைசி வரி வரை போனார் என்று நினைக்கிறேன்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் தமிழ் கற்றது சங்கரநாராயண அண்ணாவியிடம். பின்னாளில், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நீதிமன்றம் வரை போன விவகாரத்தில், அருட்பாவே என்று மேடையேறி வாதாடியவர் இந்த இஸ்லாமியர். சீறாப்புராணத்துக்கும் உரை எழுதினார். அவரைச் சதாவதானி என்று கொண்டாடுகிறோம். நூறு காரியங்களை ஒரே நேரத்தில் நினைவில் வைத்ததை வியக்கிறோம். எனக்கு அதைவிட வியப்பு, அந்தத் திண்ணையில் அந்தப் பையனை உட்காரவைத்த ஆசிரியர்தான். நிழல்தாங்கல் பெரியவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாமித்தோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் கோரிய கதை உங்கள் வீட்டுக் கதை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் பள்ளி மாணவி. அப்போது தெருவிளக்கின் கீழே வகுப்பு நடந்தது; யாரிடமும் ஹால் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது ஹால்கள் பெருகிவிட்டன, குளிரூட்டியதுகூட உண்டு. மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 2011 கணக்கெடுப்பின்படியே ஒரு லட்சத்துக்கும் மேல்.

கேட்பது இதுதான். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மாதம் கோயில் மண்டபத்தில், இரண்டு மாதம் சர்ச் ஹாலில், பள்ளிவாசல் இருக்கும் ஊரில் இரண்டு மாதம் மதரசாக் கட்டடத்தில் வகுப்பு நடக்கட்டும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று உங்கள் அறிவிப்புப் பலகையில் நீங்களே எழுதிப் போடுங்கள். வகுப்பில் யாருடைய ஜெபமும் மந்திரமும் துஆவும் வேண்டாம்; வாசலில் செருப்பைக் கழற்றும் ஒழுங்கை நாங்கள் காப்போம். மாலை ஏழு முதல் எட்டரை வரை ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தணித்துவையுங்கள். கொடைக் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் நாங்களே விடுமுறை விட்டுவிடுகிறோம்.

பெஞ்சு வேண்டாம், பாய் எங்களிடம் இருக்கிறது. கரும்பலகையும் இருக்கிறது. மின்விசிறி ஓடினால் நல்லது, ஓடாவிட்டாலும் பரவாயில்லை. சாவியை யாரிடம் வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வ ஆசிரியை,
கல்குளம் தாலுகா